இடது கைக்கு ஒரு ஜிக்

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "மூர்த்திண்ணே, பனிக்காலத்துல விராலுக்கு எத்தினி கிராம் ஜிக் போடறது? பாவாடை பெருசா, சின்னதா?" கூடவே ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார். ஏதோ வெளிநாட்டு ஏரி, உறைந்த கரை, கம்பளிக் குல்லா போட்ட ஒருவர் பாஸ் மீன் பிடித்துக்கொண்டே பாடம் நடத்துகிறார். நானும் முழுதாகப் பார்த்தேன். அவர் சொல்வதில் தப்பொன்றும் இல்லை. பாஸுக்குச் சொல்வது பாதிக்கு மேல் நம் விராலுக்கும் பொருந்தும்.

நான் பதிலாக "அஞ்சு கிராம், மெலிசா கத்தரிச்ச பாவாடை" என்று அனுப்பினேன். நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பிறகு யோசித்துப் பார்த்தபோது அது அரைப் பதில் என்று பட்டது. மீதி அரையைப் போனில் தட்ட என் விரலுக்குப் பொறுமை இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கைடு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் படிக்கலாம்.

முதலில் அந்த அரைப் பதிலின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜிக் என்பது என்ன? ஈயத்தலை, அதில் ஒரு தூண்டில் முள், முள்ளைச் சுற்றி ரப்பர் இழைகளாலான பாவாடை, பின்னால் ஒரு மெத்தென்ற வால். எடை என்பது தலையில் இருக்கிறது. பருமன் பாவாடையிலும் வாலிலும் இருக்கிறது. எடை கூடினால் சீக்கிரம் முங்கும். பருமன் கூடினால் மெதுவாக இறங்கும், ஆனால் பெரிய இரையாகத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் நம் ஏரித் தண்ணீர் சில்லிட்டுப் போகும்போது விராலுக்கு உடம்பு மந்தமாகிவிடும். மூச்சு வாங்க மேலே வருவதைக்கூடத் தள்ளிப் போடும். பெரிய இரையைத் துரத்த அதற்கு மனசு வராது. மூக்குக்கு முன்னால் சின்னதாக, மெதுவாக ஏதாவது இறங்கினால் சும்மா வாயைத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் குறைந்த எடை, மெலிந்த பாவாடை.

இதை நான் பல வருஷம் வேதவாக்கு மாதிரி வைத்திருந்தேன். நெல்லையப்பன் சார் வந்த அந்தத் தை மாதம் வரைக்கும்.

என்னைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரியாது. நான் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீட்டில் பிறந்தவன். சுரங்கத்தில் ஷிப்டு பார்த்தேன். சுரங்கம் மூடியதும் ஊரில் எல்லோரையும் போல விடியற்காலை ரயிலேறி பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்த்தேன். அந்த ரயில் வாழ்க்கை அலுத்துப்போன சமயத்தில்தான் இந்த ஏரிக்கரையில் மீன் பிடிக்க வரும் விருந்தாளிகளுக்காக முகாம் போட்டார்கள். மீன் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போன வருஷம் முட்டி மக்கர் பண்ணும் வரை அங்கேயே இருந்தேன்.

நெல்லையப்பன் சாரும் நம் ஊரில் இருந்தவர்தான். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கனரக வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியராக வந்து, ரிட்டயர் ஆகும் வரை குவார்ட்டர்ஸிலேயே இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முகாமுக்கு வருவார். நான் முதலில் கைடாகக் கூட்டிப்போனது அவரைத்தான் என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் எறிய வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர் கேட்டுக்கொண்டே வேறு இடத்தில் எறிவார். மீன் மாட்டினால் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அதுதான் அவர் மரியாதை. திரும்பிப் பார்த்தால் எனக்கு முகம் சுருங்கும் என்று அவருக்குத் தெரியும்.

ரிட்டயர் ஆனபின் மகளோடு இருக்க பெங்களூர் போய்விட்டார்கள். சில வருஷம் தகவல் இல்லை. அந்தத் தை மாதம் அவர் மனைவி கோமதியம்மா போன் செய்தார்.

"மூர்த்தி, மூணு நாளைக்கு ரூம் வேணும். சாரைக் கூட்டிட்டு வரேன். அவங்களுக்கு உடம்பு முன்ன மாதிரி இல்ல. பாத்ததும் நீங்க அதிர்ச்சியாகக் கூடாது, அதான் முன்னாடியே சொல்றேன்."

பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் செயலிழந்து போயிருந்தது. பேச்சு உடைந்து உடைந்துதான் வந்தது. இடது கை தப்பித்தது என்று டாக்டர்கள் சொன்னாலும் அதிலும் பலமில்லை, உணர்ச்சியும் மங்கலாகத்தான் இருந்ததாம். பயிற்சி கொடுக்க வருகிறவர் கையில் ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் அதைச் சுவரில் விட்டெறிந்துவிடுவாராம். எறிய மட்டும் அந்தக் கைக்குத் தெம்பு இருந்தது என்று கோமதியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

காரிலிருந்து அவரை இறக்கி வீல்சேரில் உட்கார வைத்தபோது நான் கைகூப்பினேன். "இன்னா சார், நல்லா கீறீங்களா" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். கேட்டபின்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீ... கிழ...வனா... ஆயிட்ட" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. மனுஷன் உள்ளேதான் இருக்கிறார்.

முதல் நாள் காலை பனி விலகியதும் அவரைப் படித்துறைக்குக் கொண்டுபோனோம். நான் எறிந்து கொடுப்பேன், அவர் இடது கையால் ராடைப் பிடித்துக்கொள்வார், ரீலை நான் பக்கத்தில் நின்று சுற்றுவேன் என்று ஏற்பாடு. வேதவாக்குப்படி அஞ்சு கிராம் ஜிக், பாவாடையைப் பாதியாகக் கத்தரித்து, குட்டி வால் மாட்டினேன். இறகு மாதிரி இறங்கியது. பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

விராலுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சிறிது நேரத்தில் தண்ணீரில் கிடந்த தூண்டில் நரம்பு ஒரு துள்ளு துள்ளிப் பக்கவாட்டில் நகர்ந்தது. நான் பார்த்துவிட்டேன். அவர் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இழுங்க" என்றேன். அவர் திடுக்கிட்டுக் கையைத் தூக்குவதற்குள் மீன் ஜிக்கைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை அதே கதை.

இரண்டாவது தடவைக்குப் பிறகு அவர் ராடை மடியில் வைத்துவிட்டார். இடது கையைப் புரட்டி உள்ளங்கையைப் பார்த்தார். இரண்டு மீன் கடித்தும் அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அது அவருக்குப் புரிந்துவிட்டது.

மத்தியானம் நான் அதற்கு நேரெதிர் ஜிக்குக்குப் போனேன். இருபது கிராம் தலை, அடர்த்தியான பாவாடை, தடித்த வால். வெயில் காலத்தில் பாசிக்குள் இறக்குகிற சாமான். எறிந்து கொடுத்ததும் அவர் கை தாழ்ந்தது. பாரம் தெரிந்தது. ஆனால் பொழுது சாயும் வரை ஒரு மீன் கிட்ட வரவில்லை. அவருக்கா தெரியாது? ஜிக்கை மேலே தூக்கிய ஒரு சமயம் அதைப் பார்த்து, "இட்...லி" என்றார். உண்மைதான். அந்தக் குளிரில் எந்த விராலும் அவ்வளவு பெரிய இட்லியைத் தின்னாது.

மீனுக்குப் பிடித்தது அவர் கைக்குத் தெரியவில்லை. அவர் கைக்குத் தெரிந்தது மீனுக்குப் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் சாமான் கொட்டகையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கோமதியம்மா வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"மூர்த்தி, ஒண்ணு செய்வீங்களா? நாளைக்கு நீங்களே ஒரு மீனை மாட்டிடுங்க. மாட்டினதுக்கப்புறம் ராடை அவங்க கையில குடுத்துடுங்க. அவங்க வேற பக்கம் பாக்கும்போது குடுத்தா போதும்."

நான் ஜிக் பெட்டியை மூடினேன்.

"ஒரு மீன்தான மூர்த்தி. கையில ஒரு இழுப்பு தெரிஞ்சா போதும். திரும்பிப் போய் அந்தப் பந்தைப் பிடிப்பாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"பாக்கலாம்மா" என்றேன்.

அவர் போனபின் என்னோடு வேலை பார்த்த சங்கர், வலையை மடித்தபடியே சொன்னான்: "குடுத்துடுண்ணே. சந்தோசமா போவட்டும். அவருக்குத் தெரியவா போவுது?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. நீங்களும் நாளைக்கே இப்படி ஒரு விருந்தாளியைச் சந்திப்பீர்கள். ராடு பிடிக்கத் தெரியாத புதுப் பணக்காரர், பிறந்தநாள் கொண்டாட வந்த குழந்தை. மாட்டிய மீனைக் கையில் கொடுத்தால் எல்லோருக்கும் சந்தோஷம். சங்கர் பல தடவை கொடுத்திருக்கிறான். அவனை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

இரண்டாம் நாள் காலை சார் அறையை விட்டு வரவில்லை. குளிர் என்று காரணம் சொன்னார்கள். நான் என் ராடை எடுத்துக்கொண்டு தனியாக ஏரிக்கட்டுப் பக்கம் போனேன். நம் ஏரியின் பழைய கட்டு உங்களுக்குத் தெரியும். கரைச் சரிவு முழுக்கக் கல் பாவி, தண்ணீருக்குள்ளேயும் அந்தக் கற்கள் இறங்கிப் போகும். மேற்கே பார்த்த சரிவு. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக விழுந்து கல் சுடும், அதையொட்டிய தண்ணீரும் கொஞ்சம் வெதுவெதுப்பாகும். குளிர்காலத்தில் விரால் அந்தக் கற்களின் ஓரம் வந்து படுக்கும்.

பத்து கிராம் ஈயத்தலை ஒன்றைக் கட்டிக் கல்மேல் தேய்த்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியான வெயில் ஏறியபின் கோமதியம்மா சாரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு கட்டின்மேல் வந்தார். எனக்குக் கொஞ்ச தூரத்தில் நிறுத்தினார். சார் நாணல் பக்கம் நீந்திக்கொண்டிருந்த நீர்க்கோழிகளைப் பார்த்தபடி இருந்தார்.

சரியாக அந்த நேரம் என் ராடு வளைந்தது. நல்ல மீன். அடியில் தலையை ஆட்டுவது கைக்குத் தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கோமதியம்மாவும் பார்த்துவிட்டார். சார் பார்க்கவில்லை. அந்த அம்மா கண்ணாலேயே கேட்டார்: இப்போ. இப்போ குடுங்க.

நாலு எட்டு வைத்தால் போதும். ராடை அந்த இடது கையில் திணித்து "சார், மாட்டிச்சு" என்று கத்தினால் போதும்.

நான் ராடைத் தாழ்த்தி நரம்பைத் தொளதொளவென்று விட்டேன். மீன் ஒரு உதறு உதறிக் கழன்று போனது.

ஆழ்ந்து யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய். அந்த நேரத்தில் யோசிக்க இடமில்லை. முந்தின நாள் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்த அந்தப் பார்வைதான் எனக்கு முன்னால் வந்தது. கடித்தது தெரியாத கை என்று தன் கையைப் பற்றி அவருக்குத் தெரியும். அதே கையில் திடீரென்று ஒரு மீன் முளைத்தால் எங்கிருந்து வந்தது என்று அவர் கண்டுபிடிக்காமல் இருக்க மாட்டார். அப்புறம் நான் சொல்வதையோ அந்த அம்மா சொல்வதையோ அவர் நம்பவே மாட்டார்.

கோமதியம்மா சாரை அறையில் விட்டுவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்தார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் சத்தம் போடவில்லை.

"உங்களுக்கு என்ன போச்சு மூர்த்தி?"

"அம்மா..."

"கெட்டிக்காரத்தனம் காட்ட வேற நேரம் கிடைக்கலையா? பேக்டரியில கியர்பாக்ஸ் ஓடும்போது மேல கை வச்சுப் பாத்து, உள்ள எந்தப் பல்லுல கோளாறுன்னு சொன்ன மனுஷன் அவங்க. இன்னைக்குக் காபி டம்ளரைக் கையில குடுத்தா, சூடா ஆறினதான்னு என்கிட்ட கேக்காங்க. நான் எத்தனை நாள் அதைப் பாத்துட்டு இருக்கது?"

அவ்வளவுதான் சொன்னார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார். சங்கர் என் முகத்தைப் பார்க்காமல் வலைக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

அந்த அம்மா சொன்னதே காதில் ஓடிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸ் மேல் கை வைத்துப் பார்ப்பவர். அப்படியென்றால் பாரத்தைத் தாங்குவது மட்டும் அவர் கை செய்த வேலை இல்லை. அதிர்வைப் படித்த கை அது. நான் முதல் நாள் முழுக்க அந்தக் கைக்கு எடையைத்தான் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். படிக்க ஒன்றும் கொடுக்கவில்லை. கல்லில் ஜிக் உரசும்போது என் கைக்கு வந்ததே டக், டக் என்று, அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

எப்போதோ வந்த வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது எனக்கு இரண்டு டங்ஸ்டன் தலைகள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஈயத்தைவிடக் கனமான உலோகம். அதே எடைக்கு அளவு சின்னது, கடினமும் அதிகம். கல்லில் பட்டால் ஈயம் மொத்தென்று அடங்கிவிடும், இது சுரீரென்று நரம்பு வழியாக மேலே சொல்லும். குளிர்காலத்துக்கு வேகமாக முங்குகிறதே என்று அவற்றை நான் தொட்டதே இல்லை. ஆனால் தண்ணீரில் இறங்குவதை நம்பாமல் கல்மேல் ஊர்ந்து வருவதை நம்பினால், வேகமாக முங்கினால் என்ன?

எடை கைக்காக. அளவு மீனுக்காக. பாவாடையைப் பத்துப் பதினைந்து இழை மட்டும் விட்டுக் கத்தரித்தேன். வாலை ஒரு விரற்கடைக்கு நறுக்கினேன். முடித்தபோது பெரிய புளியங்கொட்டை அளவுதான் இருந்தது, ஆனால் உள்ளங்கையில் வைத்தால் கனத்தது.

அது போதுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? என் கை நல்ல கை. அதனால் இரண்டு கம்பளிக் காலுறையை இடது கையில் மாட்டி, அதன்மேல் ஈரத் துண்டைச் சுற்றி, பொழுது இறங்குவதற்குள் ஏரிக்கட்டுக்குப் போய் எறிந்து இழுத்துப் பார்த்தேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். சங்கர் ரீலைச் சுற்றிக்கொண்டே கேட்டான்: "இன்னாண்ணே இது, கைக்கு ஸ்வெட்டரா?"

"சுத்துடா பேசாம."

துண்டுக்குள்ளும் தெரிந்தது. மங்கலாக, தூரத்தில் யாரோ கதவு தட்டுகிற மாதிரி. ஆனால் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை விடிந்ததும் கூப்பிட ஆள் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் போகவில்லை. கல் காய வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகுதான் போய் அறைக் கதவைத் தட்டினேன். கோமதியம்மா என்னிடம் பேசாமல் வீல்சேரைத் திருப்பினார்.

மதகு மேடையில் சாரை உட்கார வைத்தோம். சமதளமான கல்மேடை. அப்படியும் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, சேரைக் கயிற்றால் மதகுத் தூணில் கட்டினேன். பிறகு கோமதியம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, இன்னிக்கு ரீலை நீங்க சுத்தணும்."

"நானா?"

"நான் எறிஞ்சு குடுக்கறேன். சார் புடிச்சுக்குவார். நீங்க சுத்துங்க. நான் எதையும் தொட மாட்டேன்."

இதைச் சாருக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். அவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

எறிந்தேன். ஜிக் முங்கிக் கல்லைத் தொட்டது. ராடின் அடியை அவர் அக்குளில் வைத்து, இடது கையை ரீலின்மேல் பொருத்தினேன். விலகி நின்று இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"சார், மீனை மறந்துடுங்க. அடியில இன்னா கீதுன்னு மட்டும் சொல்லுங்க."

கோமதியம்மா சுற்றினார். தையல் மிஷின் மாதிரிச் சுற்றினார்.

"மெ...து...வா" என்றார் சார்.

"மெதுவாத்தான் சுத்துறேன்."

"மெதுவா... டீ."

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எத்தனை மாதத்துக்கு அப்புறம் அந்த அதட்டல் கிடைத்ததோ. உதட்டை மடித்துக்கொண்டு, கடிகார முள்ளைத் திருப்புகிற மாதிரி மெதுவாகச் சுற்றத் தொடங்கினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சாரின் புருவம் சுருங்கியது.

"கல்லு" என்றார்.

கோமதியம்மா இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"கல்லு... கல்லு... மண்ணு... கல்லு."

கண்ணை மூடிக்கொண்டார். ஏரியின் அடியை அவர் படித்துக்கொண்டே வந்தார். ஜிக் கரைக்கு வந்ததும் நான் எடுத்து மறுபடி எறிந்து கொடுத்தேன். மறுபடி கல்லு, மண்ணு, கல்லு. கோமதியம்மா அவர் சொல்வதற்கு ஏற்ப நிறுத்தவும் சுற்றவும் பழகிவிட்டார். இருவரும் ராடுக்கு மேல் தலையைக் குனிந்துகொண்டு, சின்னப் பிள்ளைகள் ரகசியம் பேசுவதுபோல் இருந்தார்கள். மீன் வரவில்லை என்று யாருக்கும் நினைப்பில்லை. அப்படியே பொழுது முடிந்திருந்தாலும் எனக்குப் போதும்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. "கல்லு" என்றார். "கல்லு" என்றார். பிறகு அவர் கண் திறந்தது.

"கல்லு... இல்ல."

சொல்லும்போதே அந்த இடது தோள் மேலே எழுந்தது. யாரும் சொல்லவில்லை. நான் நரம்பைப் பார்த்தேன், அது அசையக்கூட இல்லை. எனக்குத் தெரியாத கடி அது. ராடு வளைந்தது.

அதற்கப்புறம் நடந்தது மீன் பிடிப்பு என்று சொல்ல முடியாது, குடும்பச் சண்டை. "சுத்து" என்கிறார் சார். அந்த அம்மா பதற்றத்தில் பின்பக்கமாகச் சுற்றுகிறார். "முன்னா...ல, முன்னால" என்கிறார் இவர். "எது முன்னால?" என்கிறார் அவர். ராடு அக்குளிலிருந்து நழுவப் பார்க்கிறது. சேரின் சக்கரம் கல்லில் கரகரவென்று உரசுகிறது. என் கைகள் பைக்குள்ளேயே முறுக்கிக்கொண்டிருந்தன. சுரங்கத்தில் எத்தனையோ ஷிப்டு பார்த்திருக்கிறேன், பாரம் தூக்கியிருக்கிறேன். சும்மா நிற்பதைப் போலக் கஷ்டமான வேலை நான் பார்த்ததில்லை. சேரைக் கட்டிய கயிற்றை மட்டும் ஒரு காலால் மிதித்துக்கொண்டேன்.

மீன் கரைக்கு வந்தபிறகுதான் வலையை எடுத்தேன். முழங்கை நீளம்கூட இல்லாத நடுத்தர விரால். நான் முந்தின நாள் விட்டது அதைப்போல ரெண்டு மடங்கு.

அதை நனைந்த துண்டில் சுற்றி சாரின் மடியில் வைத்தேன். அவர் இடது கையை அதன்மேல் வைத்தார். அமுக்கினார். "சில்லு...ன்னு... இருக்கு" என்றார், மனைவியைப் பார்த்து. அந்த அம்மா குனிந்து அவர் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டார். நானும் சங்கரும் நீர்க்கோழிகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் மீன் ஒரு துள்ளு துள்ளித் துண்டிலிருந்து வழுக்கி, மேடையில் விழுந்து, தண்ணீருக்குள் போய்விட்டது. அவர் சிரித்தார். முகத்தின் ஒரு பாதிதான் சிரித்தது.

மறுநாள் கிளம்பும்போது கோமதியம்மா காருக்கு இந்தப் பக்கம் வந்தார்.

"முந்தாநாள் நீங்க விட்டீங்களே, அது பெருசா மூர்த்தி?"

"பெருசுதாம்மா."

"அவங்ககிட்ட சொல்லிராதீங்க. இன்னொரு மூணு நாள் தங்கணும்னு நிப்பாங்க" என்றார்.

தம்பிகளே, ஜிக் பெட்டியைத் திறக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள், மீனை நினைத்துக்கொள்ளுங்கள், அது சரி. கூடவே ராடைப் பிடிக்கப்போகிற கையையும் ஒரு தடவை பாருங்கள். குழந்தைக் கையா, நடுங்குகிற கையா, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிடிக்கிற கையா? வீடியோவில் வருகிறவர் தன் கைக்குத்தான் ஜிக் கட்டுகிறார். உங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கை. விருந்தாளி மீனோடு போக வேண்டும் என்கிற அவசரத்தில் அந்தக் கை செய்ய வேண்டிய வேலையை நீங்கள் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். நீங்கள் எறிந்து கொடுக்கலாம், வலை போடலாம், சேரைக் கட்டலாம். கடித்தது எது என்று அவரே சொல்லட்டும். சொல்லாமலே ஒரு பொழுது போனால் போகட்டும்.

ஊருக்குப் போனபின் கோமதியம்மாவிடமிருந்து போன் வந்தது. அந்த ஜிக் வேண்டும் என்று சார் கேட்கிறாராம். முள்ளை வெட்டிவிட்டு அனுப்பினேன். ஹாலில் இந்தக் கோடியில் சார் ராடைப் பிடித்துக்கொண்டு உட்கார, அந்தக் கோடியிலிருந்து அந்த அம்மா ஜிக்கைத் தரையில் வைத்து இழுத்து வர, டைல்ஸ் இடுக்கு வரும்போதெல்லாம் சார் சொல்ல வேண்டும். இதுதான் பயிற்சியாம். கீழ் வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதம் கோமதியம்மா, "இதைவிட லேசா ஒண்ணு இருக்கா மூர்த்தி?" என்று கேட்டார். அனுப்பினேன். மழைக்காலத்துக்கு முன்னால் மறுபடி கேட்டார். அதற்கும் லேசாக அனுப்பினேன். இப்படியே போய், கடைசியில் கடையில் விற்கிற அளவெல்லாம் தீர்ந்துவிட்டது. நானே ஈயத்தை உருக்கி, கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு தலை வார்த்து, மூன்றே மூன்று இழை கட்டி, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அனுப்பினேன். கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வரும், அவ்வளவுதான் எடை.

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று போன் வந்தது. "இருங்க, அவங்க பேசணுமாம்" என்றார் கோமதியம்மா. போனைத் தரையில் வைத்தார்கள் போல. ஏதோ இழுபடும் சத்தம், அதுவும் மிக மெல்லியதாக. நான் நம் ஊர் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் ஹாரனுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"மூர்த்தி" என்றார் சார். குரல் முன்னைவிடத் தெளிவாக இருந்தது.

"சொல்லுங்க சார்."

"தெரியுதுய்யா."